படகைக் கட்டத் தேவை பலமா, பக்குவமா?

மலையகத்தவரான எமக்குக் கடல் தூரம். கண்டி வாவியையும் மகாவலியையும் விக்டோரியா நீர்த்தேக்கத்தையும் கண்டு பழகியவர்கள் நாம். ஆனாலும் படகு என்றதும், "அது ஆம்பிளைகளின் வேலை, பலம் வேண்டும்" என்று மகள்மாரைத் தள்ளி நிறுத்திவிடுகிறோம். இது சரிதானா?

2024 ஒக்டோபர் 2ஆம் திகதி இந்தியக் கடற்படை அதிகாரிகளான இரு பெண்கள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். ஒருவர் கேரளத்தின் தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. வழியில் நான்கு துறைமுகங்களில் மட்டுமே தரித்து, உலகைச் சுற்றி 2025 மே 29இல் கோவா திரும்பினர். படகின் நீளம் 56 அடி. அதில் இருந்தவர்கள் இவர்கள் இருவர் மாத்திரமே.

இத்தனை பெரிய படகை ஒடுங்கிய இறங்குதுறையில் நிறுத்திக் கட்ட இருவர் போதுமா? முறை தெரிந்தால் போதும்.

துறையை நெருங்குமுன்பே கயிறுகளை உரிய இடங்களில் ஆயத்தமாக வைக்க வேண்டும். மேடையில் உரசாதிருக்க, படகின் இரு பக்கமும் காற்றடைத்த மெத்தைகளைத் தொங்கவிட வேண்டும். படகின் நடுவிலிருந்து பின்னோக்கிச் சரிவாகச் செல்லும் கயிற்றை முதலில் கரையில் மாட்டினால், படகு முன்னே ஓடி மோதாது. முன்னோக்கிச் செல்லும் இன்னொரு சரிவுக் கயிறு, அது பின்னே போகாமல் தடுக்கும். முன்னும் பின்னும் இரு பக்கமும் கட்டும் கயிறுகள் படகை நடுவில் நிறுத்தும்.

கயிற்றை வெறும் கையால் இழுத்துப் பிடிப்பதில்லை. கரையிலுள்ள குற்றியில் சுற்றிவிட்டால் உராய்வே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கும். மாட்டுக் கயிற்றை மரத்தில் சுற்றிப் பிடித்த பெண்களுக்கு இது புதிதல்ல.

கயிற்றில் அளவான தளர்வும் வேண்டும். இலங்கைக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. நீர்த்தேக்கத்திலோ மழைக்கும் வரட்சிக்குமிடையே நீர்மட்டம் பல மீற்றர் மாறும். இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால், நீர் இறங்கும்போது படகு கயிற்றில் தொங்கிச் சரியும்.

அம்மாமாரே, பிள்ளைகளுடன் படகில் ஏறுமுன், அது முன்னும் பின்னும் கட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஒற்றைக் கயிற்றில் நிற்கும் படகு, கால் வைத்ததும் விலகும். அந்த இடைவெளியில் பிள்ளை விழலாம். மேடையை நோக்கி வரும் படகைக் கையாலோ காலாலோ தடுக்க வேண்டாம், நசுங்கிவிடும். உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே அணிவியுங்கள்.

"நானும் கயிற்றைப் பிடிக்கட்டுமா?" என்று மகள் கேட்டால் விலக்காதீர்கள். எப்படிச் சுற்றுவது என்று காட்டிக் கொடுங்கள்.