ஆயன்குளம் கிணறு: உள்ளே போவது தண்ணீர் மட்டும்தானா?

திசையன்விளைக்குப் பக்கத்தில், ஆயன்குளத்தில் இருக்கும் கிணற்றுக்கு ‘அதிசயக் கிணறு’ என்று பெயர் விழுந்தது 2021 மழைக்காலத்தில். வெள்ளநீர் நொடிக்கு ஆயிரக்கணக்கான லிட்டராக வாரக்கணக்கில் உள்ளே விழுந்தும் கிணறு நிரம்பவில்லை. கூட்டம் கூடியது, கேமராக்கள் வந்தன, பின்னாலேயே சென்னை ஐ.ஐ.டி. குழுவும் வந்தது. ராதாபுரம் வட்டாரத்துக்கு இது சின்ன விஷயமில்லை. தென்மேற்குப் பருவமழையை மலையே மறித்துக்கொள்கிற பூமி இது. நம்பியாறும் கருமேனியாறும் ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். தாமிரபரணி வெள்ளத்தைக் கால்வாய் வெட்டிக் கொண்டுவரும் திட்டத்துக்கு 2009இல் அடிக்கல் நாட்டி, 2025இல்தான் திறப்பு விழா நடத்த முடிந்தது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு கிணறு வெள்ளத்தைக் குடித்தால் கொண்டாடத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கிணறு எதனால் நிரம்பவில்லையோ, அதே காரணத்தால்தான் அதற்குள் எதை விடுகிறோம் என்பதில் மற்ற எந்தக் கிணற்றையும்விடக் கவனம் தேவைப்படுகிறது.

காரணம் பாறையில் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் என்றால் நெல்லைக்காரர்களுக்குத் தாழையூத்து சிமென்ட் ஆலைதான் ஞாபகம் வரும்; அதன் இன்னொரு குணம் கரைவது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று லேசான அமிலமாகிறது. அது பாறையின் விரிசல்களைப் பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்து அரித்து, கடைசியில் குகைகளாகவும் கால்வாய்களாகவும் ஆக்கிவிடுகிறது. ஆயன்குளத்தின் அடியில் இப்படிப்பட்ட வழிகள் இருப்பதைத்தான் ஐ.ஐ.டி. குழு சுட்டிக்காட்டியது. மணல் பூமியின் கதை வேறு. 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி மணலுக்குள் நீர் செல்லும் வேகத்துக்குக் கணக்கு வகுத்தார். நிலத்தடி நீரியல் இன்றும் அதன்மேல்தான் நிற்கிறது. நீர் மணலில் நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ நகரும். களிமண்ணில் ஆண்டு முழுக்கப் போனாலும் விரற்கடை தாண்டாது. அந்த மந்தகதியே நமக்குக் காவல். குட்டம், இடையன்குடிப் பக்கத்துத் தேரி மண்ணில் இறங்கும் மழைநீரில் உள்ள கிருமிகள் மணலில் ஒட்டிக்கொண்டு, ஊற்றை எட்டுமுன்னே பெரும்பாலும் செத்துப்போகும். கரைந்த சுண்ணாம்புப் பாறையிலோ நாளுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கில்கூட ஓடும். மணல் வடிகட்டி என்றால் இது வெறும் குழாய். ‘பூமிக்குள்ளே போனால் எல்லாம் சுத்தமாகிவிடும்’ என்ற நம்பிக்கை தேரியில் ஓரளவு செல்லும், ஆயன்குளத்தில் செல்லாது.

‘இங்கே தோல் தொழிற்சாலையா, சாயப்பட்டறையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ராணிப்பேட்டையில் மூடிக் கால் நூற்றாண்டு தாண்டிய ஆலையின் குரோமியக் கழிவு இன்னும் நிலத்தைக் கெடுப்பதுபோன்ற கொடுமை இங்கே இல்லை. ஆனால் கேடு செய்ய ஆலை வேண்டும் என்பதில்லை. வாழைக்குப் போட்ட யூரியா, ஆட்டுக்கிடை, அடித்தளம் பூசாத செப்டிக் டேங்க், குப்பை கொட்டும் பாழுங்கிணறு எல்லாவற்றையும் முதல் வெள்ளம்தான் கழுவி எடுத்துவருகிறது. கழிவு லாரியிலும் வரும். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கொட்டப்பட்டு, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகே திருப்பி அள்ளிச் செல்லப்பட்டது. ராதாபுரம் வட்டாரத்தில் கல்குவாரிப் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை என்பதை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் 2000 மே மாதம் பெருமழை பெய்தது. வயலுக்குப் போட்ட மாட்டெருவிலிருந்த கிருமி ஊர்க்கிணற்றில் சேர்ந்தது. குளோரின் கலப்பதில் நடந்த அலட்சியமும் சேர்ந்துகொள்ள, 7 பேர் இறந்தார்கள், 2,300 பேருக்குமேல் நோயில் விழுந்தார்கள். எருப் போட்ட விவசாயிமேல் குற்றமில்லை என்றது விசாரணை. அவர் முறைப்படிதான் செய்திருந்தார். அங்கேயும் அடியில் சுண்ணாம்பு வகைப் பாறை. அதை மணல்போலப் பாவித்த கணினிக் கணக்கு, நீர் வந்துசேர மாதக்கணக்கு ஆகும் என்றது. பிறகு சாயம் கலந்து சோதித்தபோது ஓரிரு நாளுக்குள்ளேயே வந்துவிட்டது. கெட்டவன் ஒருவனும் தேவைப்படாமலே கிணறு கெட்டது என்பதுதான் இதில் நமக்கு உறைக்க வேண்டியது.

அப்படியானால் கிணற்றுக்கு வெள்ளம் வரும் வாய்க்காலை அடைத்துவிடுவதா? கூடாது. கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், அடியில் சுமார் 40 மீட்டர் வரை உப்பு ஏறாமல் அது தாங்கும். மேலே ஒரு மீட்டர் உறிஞ்சித் தீர்த்தால் கீழே 40 மீட்டரும் போயிற்று. உவரி, கூத்தங்குழிக் கரையோரத்துக்கு வெள்ளநீர் உள்ளே இறங்குவது உயிர்ப்பிரச்சினை. கிணற்றுக்கு வெள்ளம் போன பிறகு சுற்றுவட்டாரத்தில் ஊற்று ஏறியது, உப்பு குறைந்தது என்று விவசாயிகள் சொன்னதை லேசாக ஒதுக்க முடியாது. ஆகவே தண்ணீர் போகட்டும். ஆனால் மழையின் முதல் வெள்ளத்தை ஒதுக்கி, வண்டல் படியத் தொட்டியும் மணல் வடிகட்டும் கட்டிய பிறகு போகட்டும். இன்னொன்று, எப்போது சோதிப்பது என்பது. நிலத்தடி நீரின் தரத்துக்கு நம் நாட்டில் நெடுங்காலம் கோடையில்தான் மாதிரி எடுத்தார்கள். சுண்ணாம்புப் பாறையில் அழுக்கு மழையோடு ஓர் அலையாக வந்து சில நாளில் கடந்துவிடும்; மே மாதம் எடுக்கும் பாட்டிலில் அது சிக்காது. ஆயன்குளத்தைச் சுற்றியுள்ள குடிநீர்க் கிணறுகளில் மாதிரி எடுக்க வேண்டிய நாள், வாய்க்காலில் வெள்ளம் திறந்துவிட்ட மறுநாள்.