அப்டேட்டுக்குப் பின் வைஃபை மெதுவாகிவிட்டதா?



ரவுட்டர் அப்டேட் ஆனபின் நெட் மெதுவாகி, பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பம் பாதியில் நின்றுவிடுவதாகச் சில பெற்றோர் கூறினர். உடனே புது ரவுட்டர் வாங்கி வீண்விரயம் செய்ய வேண்டாம்.

முதலில் ரவுட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். பிறகு லேப்டாப்பை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து வேகம் பாருங்கள். அதிலும் மெதுவென்றால் இணைப்பு தந்தவரிடம் புகார் செய்யுங்கள். கேபிளில் வேகம் இருந்தால் கோளாறு வைஃபையில்தான். அப்டேட்டில் அதன் செட்டிங் மாறியிருக்கலாம். அருகில் இருப்பவர்கள் 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள், 2.4 தூரம் எட்டும், வேகம் குறைவு. அதில் சேனலை 1, 6, 11 என மாற்றிப் பாருங்கள்.

ரீசெட் கடைசி வழி. அதற்குமுன் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டைக் கேட்டு எழுதி வையுங்கள். இல்லையேல் நெட்டே நின்றுவிடும்.

விண்ணப்பம் அவசரமென்றால் அஸர் தொழுகைக்குப்பின் அலுவலகம் வாருங்கள்.

வஸ்ஸலாம்.
– செயலாளர்