மின் கிதாரில் கழுத்து மாற்றுதல்

மின் கிதாரில் கழுத்து மாற்றுதல் என்பது, முறுக்கிக்கொண்ட அல்லது மெட்டுகள் தேய்ந்துபோன கழுத்தைக் கழற்றிவிட்டு, அதே உடலில் வேறொரு கழுத்தைப் பொருத்துவதாகும். கைக்கு அடக்கமான தடிமன் வேண்டும் என்றும் சிலர் மாற்றுவர். வீணையில் வழங்கும் மெட்டு, குதிரை என்னும் சொற்களே இங்கு ஃபிரெட், பிரிட்ஜ் என்பவற்றுக்கு ஆளப்படுகின்றன.

லியோ ஃபெண்டர் 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்த திட உடல் கிதார்களில் கழுத்து திருகாணிகளால் முடுக்கப்பட்டிருந்தது. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பாலில் அது பசையால் ஒட்டப்பட்டது. ஒட்டிய கழுத்தைப் பிரிப்பது கைதேர்ந்தவர் வேலை. முடுக்கிய கழுத்தை வீட்டிலேயே மாற்றலாம். எரிக் கிளாப்டனின் புகழ்பெற்ற 'பிளாக்கி' கிதாரே, பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் சிலவற்றின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதுதான். 2004 ஏலத்தில் அது 9,59,500 டாலருக்கு விலைபோனது.

வாங்கும் முன் அளத்தல்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நேர்கின்றன. கழுத்தின் அடிப்பகுதி உடலில் உள்ள பள்ளத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். ஃபெண்டர் வகையில் அதன் அகலம் ஏறத்தாழ 56 மி.மீ. 1970களின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் பலவற்றில் நான்குக்குப் பதில் மூன்று திருகாணிகளே உண்டு. அவற்றின் துளைகள் பொருந்தா.

அகலத்தைவிட முக்கியமானது தந்தியின் அதிரும் நீளம். ஃபெண்டரில் இது 648 மி.மீ.; கிப்சனில் ஏறத்தாழ 628. மெட்டுகளின் இடத்தை முடிவு செய்வது இந்த நீளமே. ஒரு மெட்டிலிருந்து குதிரை வரை உள்ள தூரத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டுக்கான இடைவெளி கிடைக்கும். 648ஐ வகுத்துப் பாருங்கள்: முதல் மெட்டு தலைப்பக்க நட்டிலிருந்து 36.4 மி.மீ. தள்ளி வரும். இப்படியே போனால் 12ஆம் மெட்டு சரிபாதியில், 324 மி.மீ.இல் நிற்கும். ஆகவே நட்டிலிருந்து 12ஆம் மெட்டு வரை அளந்து, அங்கிருந்து குதிரை வரையும் அளக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். தடித்த தந்திகளுக்குக் குதிரை ஓரிரு மி.மீ. பின்னால் இருக்கும், அதற்கு மேல் வேறுபட்டால், எவ்வளவு சுருதி கூட்டினாலும் மேல் மெட்டுகள் அபசுரமாகவே ஒலிக்கும்.

பொருத்துதல்

தந்திகளைத் தளர்த்திக் கழற்றிய பின்பே திருகாணிகளில் கை வைக்க வேண்டும். புதிய கழுத்தில் துளை இல்லையெனில், அதைப் பள்ளத்தில் வைத்து, ஓரத் தந்திகள் இரண்டையும் இலேசாகக் கட்டி, அவை இரு விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பார்த்துக் குறியிட வேண்டும். துளையிடும் அலகில் ஆழத்தை ஒட்டுநாடாவால் அடையாளமிடுவது கட்டாயம். அவசரத்தில் விரற்பலகையைத் துளைத்துவிட்டால் புதுக் கழுத்து வீண். திருகாணியில் சிறிது சோப்பு தடவினால் மரம் பிளக்காது. பழைய துளையாயின், முதலில் இடப்பக்கமாகத் திருப்பி, 'கிளிக்' என்று புரியில் இறங்கியதும் முடுக்க வேண்டும்.

குதிரையை முழுதும் இறக்கியும் தந்திகள் உயரமாகவே நின்றால், பள்ளத்தின் குதிரைப் பக்க முனையில் அரை மி.மீ. தகடு ஒன்றைச் செருகுவர். கழுத்து சற்றே பின்சாய்ந்து தந்திகள் தாழும். தந்திகளை முழுச் சுருதிக்கு ஏற்றி ஓரிரவு விட்டு, மறுநாள் கழுத்தின் வளைவைப் பார்த்து உட்கம்பியைச் சரிசெய்யலாம். அதைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பக்கூடாது.