இசைக்கு உரை காணல்

மூலம் ஒன்றாயினும் உரைகள் பல எழுதல் இலக்கியத்துக்கு மட்டுமன்றி இசைக்கும் உரிய இயல்பாகும். 1741இல் வெளிவந்த பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' என்னும் படைப்பில் வேகத்தைச் சுட்டும் குறிப்புகள் மிகச் சிலவே. அதன் தொடக்கப் பகுதியான 'ஏரியா'வைக் கனடா நாட்டுப் பியானோக் கலைஞர் கிளென் கூல்ட் 1955ஆம் ஆண்டுப் பதிவில் 2 நிமிடங்களுக்குள் வாசித்தார். 1981ஆம் ஆண்டுப் பதிவிலோ ஏறத்தாழ 3 நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். சுரங்கள் அவையே, கண்ட பொருள் வேறு.

இத்தகைய நுட்பத்தைத் தேர்ந்த மாணவர்க்கு இணையவழியே பயிற்றுவதில் இடர்கள் உள. காணொலி அழைப்புச் செயலிகள் பெரும்பாலும் பேச்சுக்கென அமைந்தவை. மெல்லிய சுரங்களையும், பெடலால் நீண்டு தேயும் ஒலியையும் அவை இரைச்சலெனக் கொண்டு அடக்கிவிடக்கூடும். ஒலி வந்துசேரும் தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே வாசித்தலும் அரிது.

ஆதலின் இரைச்சலடக்கும் வசதியை நிறுத்திவைத்தல் வேண்டும். மாணவர் தம் வாசிப்பைத் தனியே பதிவுசெய்து முன்னரே அனுப்புதல் அதனினும் நன்று. அதனைக் கேட்ட ஆசிரியர், "இவ்விடத்தில் தயங்கியது ஏன்?" என வினவுவார். மாணவர் இசைக்குறிப்பிலிருந்தே காரணம் காட்டுதல் வேண்டும். உடன் வாசிக்க இயலாக் குறையே இவ்வாறு போலச்செய்தலைக் குறைத்துச் சிந்தனையை வளர்க்கிறது.

உரை வேறுபடலாம்; மூலம் திரிபுறலாகாது. இவ்வெல்லையை உணர்த்துவதே நல்லாசிரியர் பணியாகும்.