வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே!

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றத்தின் முன் ஒரு சின்னப் பொருள் வந்தது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கு மத்தியானம் ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா என்பது அது. தலைமை வகித்தவர் சர் பிட்டி தியாகராயர். வீட்டில் வறுமை, வயிற்றில் பசி, அதனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சேருவதில்லை; சோறு போட்டால் வருவார்கள் என்பது வாதம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்று வரம்பு கட்டி மன்றம் ஒப்புக்கொண்டது.

காமராஜர் மதிய உணவைத் தமிழகப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக அப்போது இன்னும் 35 ஆண்டுக்கு மேல் இருந்தது. கோட்டையிலிருந்து உத்தரவு வந்து இது நடக்கவில்லை. நகரத்து மன்றம் தானாக யோசித்தது, தன் பணப்பையை அவிழ்த்தது, செய்தது. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் பரவியது. 1925இல், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்கெல்லாம் செலவிடக் கூடாது என்று அரசு குறுக்கே நின்றது. ஆக, மேலே இருப்பவர்கள் கையைப் பிடித்து இழுப்பது அன்றும் இருந்தது. ஆனால் இழுப்பதற்கு முன்னால் கை நீண்டிருந்தது.

அந்தக் கூட்டம் நடந்த அதே ரிப்பன் மாளிகையில்தான் இன்றைக்கும் மன்றம் கூடுகிறது. தியாகராயர் வாசலில் சிலையாக நிற்கிறார். இந்த நூறு வருஷத்தில் மன்றம் பலமடங்கு பெருத்துவிட்டது. அதன் கைக்கு எட்டும் காரியங்கள் சுருங்கிவிட்டன. இரண்டும் ஒன்றாக நடந்ததுதான் விசித்திரம்.

பழைய மன்றத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. 1687இல் இங்கிலாந்து அரசர் கொடுத்த சாசனத்தின்படி 1688 செப்டம்பரில் நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயராக உட்கார்ந்தபோது, அது கம்பெனிக்கு வரி வசூலித்துத் தர உதவும் என்பதே கணக்கு. சிவப்பு அங்கியும் வெள்ளிக்கோலும் ஊர்க்காரர்களை மயக்குவதற்கு. உள்ளாட்சி என்ற எண்ணம் 1882இல் ரிப்பன் பிரபு போட்ட தீர்மானத்தோடுதான் உருப்பெற்றது. அவர் பெயரில் லோகநாத முதலியார் ஏழரை லட்சம் ரூபாயில் கட்டி முடித்த வெள்ளை மாளிகை 1913இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஜார்ஜ் டவுனில் எர்ரபாலு செட்டித் தெருவில் அலுவலகம்.

1919ஆம் ஆண்டு மாநகராட்சிச் சட்டத்துக்குப் பிறகு மன்றத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள், வணிகர்கள், டாக்டர்கள், ஜமீன் வீட்டுக்காரர்கள். பேச்சு ஆங்கிலத்தில். ஓட்டுரிமை வரி கட்டுகிறவர்களுக்கு. கூலிக்காரன் தெருவில் சாக்கடை வழிந்தால் அவன் சார்பில் யாரோ இரக்கப்பட்டுப் பேச வேண்டும். அவன் பேச முடியாது. 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானது அதனால்தான் பெரிய செய்தி. பட்டியல் சாதியிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் அவர்.

இருந்தும் அந்த மன்றத்தின் நிகழ்ச்சிநிரலில் நகரமே இருந்தது. 1939இல் மேயரான சத்தியமூர்த்தி முன்னால் இருந்தது குடிநீர்ப் பஞ்சம். செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வழியாக வந்துகொண்டிருந்தது, நகரம் அதைத் தாண்டி வளர்ந்துவிட்டது. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்ட வேண்டும் என்று அவர் காலத்தில் அடிக்கல் நாட்டினார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, சிமெண்டும் இரும்பும் கிடைப்பது கஷ்டம். அப்படியும் 1944இல் நீர்த்தேக்கம் முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஊருக்கு வெளியே ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு அணையை மாநகராட்சி மேயர் எழுப்புவதை இப்போது கற்பனை செய்து பாருங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஓட்டு வந்தது, மன்றத்தின் முகமும் மாறியது. 1959 தேர்தலில் 100 இடங்களில் 45ஐ தி.மு.க. பிடித்தது, அ.பொ. அரசு மேயரானார். தெருமுனை மேடையில் கேட்ட தமிழ் ரிப்பன் மாளிகை முதல் மாடிக்கு ஏறியது. அந்நாளில் மேயர் பதவி ஆண்டுக்கு ஒருவருக்கு. சங்கிலி கழுத்தில் பழகும் முன்பே கழற்ற வேண்டும். இதனால் மேயரை விட, பத்து இருபது வருஷம் உறுப்பினராகவே இருந்து சட்டமும் விதியும் கரைத்துக் குடித்த ஆட்களுக்கு மதிப்பு அதிகம். ஒரு டெண்டரில் ஓட்டை இருந்தால் அவர்கள் விடமாட்டார்கள்.

அப்படி விடாமல் பிடித்தும், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. வேலைக்கு வராத ஆட்கள் பெயரில் கூலி எழுதிய மஸ்டர் ரோல் ஊழல் வெளியே வந்து, 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். நடுவில் 23 ஆண்டுகள். அந்த நாளில் பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதைத் தாண்டி ஐந்து வருஷம் ஆன பிறகுதான் அதன் தெருவுக்கு ஒரு கவுன்சிலர் வந்தார்.

ஊழல் செய்தவர்களைத் தண்டிப்பதற்கும் மன்றத்தையே இல்லாமல் ஆக்குவதற்கும் உள்ள தூரத்தை எந்தக் கட்சியும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்சிகள் மாறின, நாற்காலி காலியாகவே இருந்தது. அந்தக் காலத்திலும் அதற்குச் சற்று முன்னும்தான் நகரத்தின் பெரிய வேலைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. குடிசைகளுக்கு 1970இல் குடிசை மாற்று வாரியம். நகர் வளர்ச்சித் திட்டத்துக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், 1974 முதல் சட்டப்படி. குடிநீரும் கழிவுநீரும் 1978இல் குடிநீர் வாரியத்துக்கு. பெரிய சாலைகள் பல நெடுஞ்சாலைத் துறையிடம், ஆறும் ஏரியும் நீர்வளத் துறையிடம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. நிபுணர்கள் வேண்டும், கடன் வாங்க வசதி வேண்டும், நகர எல்லைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் பூண்டிக்கு அடிக்கல் நாட்டிய மன்றம் திரும்பி வந்தபோது, ஒரு தெருக்குழாயை மாற்றவும் இன்னொரு அலுவலகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

1996இல் மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர். அவர் காலத்தில் மாநகராட்சியே மேம்பாலங்கள் கட்டியது. மன்றத்துக்கு வலு திரும்பியதா, அல்லது மேயரின் தந்தை கோட்டையில் முதலமைச்சராக இருந்த வலுவா என்று கேட்டால், இரண்டாவதற்கே என் ஓட்டு. ஒருவரே மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கக் கூடாது என்று 2002இல் சட்டம் வந்ததும் மேயர் நாற்காலியின் சொந்த எடை எவ்வளவு என்பது தெரிந்துவிட்டது.

2011இல் நகரம் 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டு 200 ஆனது. அம்பத்தூரும் திருவொற்றியூரும் ஆலந்தூரும் சொந்த மன்றத்தை இழந்து இதற்குள் வந்தன. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்ய, மறுபடி ஐந்து வருஷத்துக்கு மேல் மன்றம் கிடையாது. ஆணையரே தனி அலுவலர். அதன் பொருளைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். ஆணையர் என்ற முறையில் ஒருவர் 'மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது' என்று எழுதிக் கோப்பை அனுப்புவார். தனி அலுவலர் என்ற முறையில் அவரே அதை மன்றமாக இருந்து அனுமதிப்பார். தீர்மானத்துக்கு எண் விழும், தேதி விழும். கேள்வி கேட்க மட்டும் ஆள் இருக்காது. இவ்வளவு அமைதியான மன்றக் கூட்டம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

இனி இன்றைய மன்றம். 2022 பிப்ரவரியில் தேர்தல். பாதி இடங்கள் பெண்களுக்கு. மார்ச்சில் ஆர். பிரியா மேயரானபோது வயது 28. இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பட்டியல் சாதிப் பெண். தியாகராயர் காலத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்து பார்த்தால் கதவு மாறி நுழைந்துவிட்டோமோ என்று நினைப்பார். வடசென்னையின் ஒற்றை அறை வீட்டிலிருந்து வந்தவர், கல்லூரியை இப்போதுதான் முடித்தவர், கட்சிக்குச் சுவரெழுத்து எழுதியவர் என எல்லாரும் இருக்கும் அவை. உறுப்பினருக்கு மதிப்பூதியம் என்று மாதம் பத்தாயிரம் ரூபாய், மேயருக்கு முப்பதாயிரம், 2023இல்தான் அறிவிக்கப்பட்டது. வசதி உள்ளவர்தான் கவுன்சிலராக இருக்க முடியும் என்ற பழைய நிலை ஒரு விரற்கடை தளர்ந்தது. ('கவுன்சிலரின் வீட்டுக்காரர்' என்ற பதவி எந்தச் சட்டத்திலும் இல்லை, பல வார்டுகளில் அது காலியாகவும் இல்லை.)

கூட்டம் தொடங்கினால் கேள்வி நேரம், பிறகு நேரமில்லா நேரம், பிறகு தீர்மானங்கள். எழுந்ததும் 'வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே' என்று ஆரம்பித்து முதல்வருக்கு நன்றி, துறை அமைச்சருக்கு நன்றி, மாவட்டச் செயலாளருக்கு நன்றி, எம்.எல்.ஏ.வுக்கு நன்றி. அதற்குள் கொடுத்த நேரம் பாதி ஓடிவிடும். மணி அடித்த பிறகுதான் வார்டுக்கு வருவார்கள். வந்தால் பேச்சு உயிரோடு இருக்கும். எந்தத் தெருவில் எந்தக் கம்பம் எரியவில்லை, எந்தப் பள்ளியில் கழிப்பறைத் தாழ்ப்பாள் இல்லை என்று பெண் உறுப்பினர்கள் சொல்வதைக் கேட்டால், இந்த ஊரை யாரோ நிஜமாகவே நடந்து பார்க்கிறார்கள் என்று நம்பிக்கை வரும்.

அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. தெருவில் கழிவுநீர் நிற்கிறது, குழாய்த் தண்ணீர் நாறுகிறது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் ஒரே தெருவுக்கு அடியில் கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகின்றன. அடைத்த கழிவுநீர் பக்கத்து வடிகாலுக்குள் புகுந்து போய்விடுகிறது. சாலையை மாநகராட்சி போட்டு முடித்ததும் வாரியம் தோண்டும், வாரியம் மூடியதும் மின்வாரியம் தோண்டும். 'வாரியத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்படும்' என்பதே மன்றத்தில் கிடைக்கக்கூடிய பதில். வீட்டுக்குப் போனால் வாசலில் நிற்கும் பெண்மணிக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியாது. அவர் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு.

சரி, மன்றத்துக்கே உரிய வரி? 2022 ஏப்ரல் தொடக்கத்தில் சொத்து வரி உயர்வு வந்தது. பழைய நகரப் பகுதியில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேல் 150 விழுக்காடு. முதலில் அரசாணை; அதன் பின்னால் மன்றத் தீர்மானம். அரசைக் கேட்டால், பதினைந்தாவது நிதிக் குழு மானியத்துக்கு விதித்த நிபந்தனை என்று தில்லியைக் காட்டும். அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. 200 பேரில் தி.மு.க. மட்டும் 153, அ.தி.மு.க. 15. வெளியே போனால் அவையில் காலி இடம்கூடக் கண்ணில் படாது. தீர்மானங்கள் கட்டுக்கட்டாக வைக்கப்பட்டு, எண்கள் வாசிக்கப்பட்டு, நிறைவேறுகின்றன. கோடிக்கணக்கில் போகும் ஒப்பந்தத்துக்கும் ஒரு தெருவின் பெயர் மாற்றத்துக்கும் ஒரே வேகம்.

அப்படி வேகமாகப் போகும் விஷயங்கள் பிறகு மாளிகை வாசலில் வந்து உட்காருகின்றன. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலை தனியாருக்குப் போனதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை எதிரே நடைபாதையில் இரவு பகலாகக் கிடந்தார்கள். பேச்சுவார்த்தைக்கு அமைச்சர்கள் வந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. நாட்கணக்கில் தீவிரமாக விவாதிக்கப்பட்ட இந்த மாநகராட்சிப் பிரச்சினையில் ஒதுங்கி நின்றது மாநகராட்சி மன்றம்தான்.

அதிகாரம் திரும்ப வருமா என்றால், வழி ஒன்று எழுத்தில் இருக்கிறது. 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் பகுதி சபைகள் கூடின. ஒழுங்காகக் கூட்டினால், கவுன்சிலர் மன்றத்துக்கு வரும்போது அவர் கையில் தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிய பட்டியல் இருக்கும். நன்றியுரை தானாகச் சுருங்கும். கூட்டத்தை நேரலையில் காட்டுங்கள் என்ற குடிமக்கள் அமைப்புகளின் கோரிக்கையும் நிற்கிறது. சட்டமன்றத்தையே வீட்டிலிருந்து பார்க்க முடிகிற காலத்தில் இது ஒன்றும் பெரிய செலவில்லை.

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். 2016இலும் அது அப்படித்தான் சொன்னது.