இருமுகமும் ஒருமுகமான கைப்பூவேலை

இறைவனுக்குச் சாத்தும் வஸ்திரத்திலும் சந்நிதித் திரைச்சீலையிலும் பூவேலை செய்து சமர்ப்பிப்பது பாரத நாட்டில் தொன்றுதொட்டு வரும் தொண்டாகும். காஷ்மீரத்துச் சால்வை, வங்கத்துக் காந்தா, லக்னோவின் சிக்கன் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தையல் மரபு உண்டு. அவற்றுள் பக்தியோடு நெருங்கிய உறவுடையது, இமாசலப் பிரதேசத்தின் சம்பா நகரில் வளர்ந்த 'சம்பா ருமால்' ஆகும்.

ருமால் என்றால் கைக்குட்டை என்பது பொருள். ஆனால், இது முகம் துடைக்கும் துணி அன்று. ஆலயத்திற்குக் கொண்டு செல்லும் நைவேத்தியத் தட்டையும், திருமணத்தில் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் வழங்கும் சீர்த்தட்டையும் மூடும் சதுரத் துணியாகும். கண்ணனின் ராசலீலை, விநாயகர், திருமகளோடு கூடிய திருமால் முதலிய திருவுருவங்கள் இதில் இடம்பெறும்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இக்கலை அரசர்களின் ஆதரவில் செழித்தது. அரண்மனை ஓவியர் மெல்லிய பருத்தித் துணியில் கரியால் கோடு வரைந்து கொடுப்பார். பெண்கள் முறுக்கேற்றாத பட்டு நூலால் அதனை நிரப்புவார்கள். முறுக்கு இல்லாததால் நூல் படிந்து, வண்ணம் தீட்டியது போல் மின்னும்.

இதன் தனிச்சிறப்பு 'தோருகா' எனப்படும் இருமுகத் தையலாகும். ஊசி துணியின் இருபுறத்தையும் ஒருசேர நிரப்பிக்கொண்டே செல்லும். முடிச்சு எங்கும் வெளியில் தெரியாது. திருப்பிப் பார்த்தாலும் அதே கண்ணன், அதே கோபியர்! எது முன்புறம், எது பின்புறம் என்று கூற இயலாது. உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கும் பக்திக்கு இதைவிட நல்ல உவமை வேறு வேண்டுமோ?

பிற்காலத்தில் அரசர்களின் ஆதரவு குன்றியது. ஓவியரும் குறைந்தனர். தேர்ந்த ஓவியரின் கோடு இல்லாதபோது தையலின் நயமும் தளர்ந்தது. 1908இல் சம்பாவில் நிறுவப்பட்ட பூரிசிங் அருங்காட்சியகம் பழைய ருமால்களைப் பாதுகாத்து வந்தது. 1990களில் தில்லிக் கைவினை மன்றம், அருங்காட்சியகங்களில் இருந்த பழைய ருமால்களை மாதிரியாகக் கொண்டு, ஓவியரையும் தையற்பெண்களையும் மீண்டும் ஒன்றுசேர்த்துப் புதிய ருமால்களை உருவாக்கச் செய்தது. பல பெண்களுக்கு இக்கலையைக் கற்பித்த சம்பாவைச் சேர்ந்த திருமதி லலிதா வகீல் அவர்களுக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? கலை அழிவது கை மறப்பதால் மட்டுமன்று; கொடுப்பவர் இல்லாமற் போவதாலும் அழிகிறது. பழைய ருமால்களைத் தைத்த பெண்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்தம் பணி மட்டுமே நிலைத்து நிற்கிறது.

இன்று இயந்திரத் தையல் விரைவில் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. எனினும், ஆலயத்திற்குத் திரைச்சீலையோ வஸ்திரமோ உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள், இயன்றால் ஒன்றையேனும் கைவேலை அறிந்தவரிடம் கொடுத்துச் செய்விக்கலாம். அந்த உபயம் இறைவனுக்கு அலங்காரமாகும். ஒரு குடும்பத்திற்கு வாழ்வாகும். ஒரு கலைக்கு ஆயுளாகும்.