சொற்புதிரும் மருந்துச் சீட்டும்

புறநோயாளிகள் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரைக் கையில் வைத்திருப்போரை நாம் அடிக்கடிப் பார்க்கிறோம். தாத்தாவுக்குத் துணையாக வந்த கல்லூரி மாணவியர் கைப்பேசியில் ஆங்கிலச் சொல் விளையாட்டில் மூழ்கியிருப்பதும் வழக்கமான காட்சியே. எழுத்துகளைக் கோத்துச் சொல் அமைக்கும் அவ்விளையாட்டில் தேர்ந்தவர்கள் முழுச் சொற்களையே மனப்பாடம் செய்கிறார்கள். அரிய ஈறுகளையும் இலத்தீன், கிரேக்க வேர்களையும் அறிந்து வைத்துக்கொண்டால், தெரியாத சொல்லையும் பிரித்துக் கணிக்கலாம். அதே வேர்களும் ஈறுகளும் அவர்கள் மடியிலுள்ள மருத்துவக் கோப்பிலும் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முறையை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது கடினமன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என ஆறு உறுப்புகளை நன்னூல் கூறுகிறது. மருத்துவச் சொல்லிலும் பகுதி உண்டு. அது பெரும்பாலும் உடலுறுப்பைக் குறிக்கும். விகுதி, அவ்வுறுப்புக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சொல்லும். ‘கார்டியாலஜி’ என்பதில் ‘கார்டி’ இதயம், ‘லஜி’ இயல், இடையில் நிற்கும் ‘ஓ’ பொருளற்றது, ஓசைக்காக வந்தது. நம் சாரியையைப் போன்றதே அது.

நம் மாவட்டத்துக்கு நெருக்கமான சொல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: ‘ஃபுளூரோசிஸ்’. ‘ஃபுளூவரே’ என்னும் இலத்தீன் வினைக்கு ‘பாய்தல்’ என்று பொருள். உலோகத் தாது எளிதில் உருகிப் பாய்வதற்காக உலையில் இட்ட கனிமத்துக்கு அவ்வேரிலிருந்து பெயர் பிறந்தது. அக்கனிமத்திலுள்ள தனிமம் ஃபுளூரின் ஆயிற்று. ‘இன்ஃபுளுயன்சா’ என்ற காய்ச்சலின் பெயரும் இதே வேரிலிருந்து இத்தாலி மொழி வழியாக வந்ததே. ‘ஓசிஸ்’ என்பது கிரேக்க ஈறு. நீடித்த ஒரு நோய்நிலையைக் குறிக்கும். ஆக, ஃபுளூரைடு மிகுதியால் நீண்டகாலமாக விளையும் நோய் என்பது சொல்லைப் பிரித்தவுடன் விளங்குகிறது.

‘ஐட்டிஸ்’ என்று முடிந்திருந்தால் அது அழற்சி. ஹெபடைட்டிஸ் கல்லீரல் அழற்சி, ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி. ஃபுளூரோசிஸிலும் மூட்டு இறுகி வலிக்கும். ஆனால் அது பாறைகளில் உள்ள ஃபுளூரைடு ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து, ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்ததன் விளைவு. பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில் அந்நீரைக் குடித்தால் பல்லில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறையும் தோன்றும். நெடுங்காலம் தொடர்ந்தால் எலும்பும் முதுகெலும்பும் இறுகும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளூரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய மீதியுள்ள நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஃபுளூரோசிஸைத் தணித்தல் என்பது அத்திட்டத்தின் பெயரிலேயே இடம்பெற்றுள்ளது. குழாயில் அந்நீர் வரும் வீடுகளில் சமையலுக்கும் குடிப்பதற்கும் அதையே பயன்படுத்துமாறு வேண்டுகிறோம். (ஒகேனக்கல் என்பதும் ஒரு புதிர்ச்சொல்லே. கன்னடத்தில் ‘ஹொகே’ புகை, ‘கல்’ பாறை. அருவியின் நீர்த்திவலை புகைபோல் எழும் பாறை.)

அறுவைச் சிகிச்சைச் சொற்களில் விகுதியைக் கவனியாது விடுவது ஆபத்தானது. ‘எக்டமி’ என்றால் வெட்டி அகற்றுதல். ‘ஆட்டமி’ என்றால் வெட்டித் திறத்தல். ‘ஆஸ்டமி’ என்றால் வாய்போன்ற ஒரு திறப்பை அமைத்தல். மூன்றும் செவிக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. கொலெக்டமியில் பெருங்குடலோ அதன் ஒரு பகுதியோ அகற்றப்படும். கொலாஸ்டமியில் குடல் வயிற்றுச் சுவருக்கு வெளியே திறக்கப்பட்டு, மலம் பையில் சேரும். முன்னதை எதிர்பார்த்திருந்த குடும்பத்தினர், சிகிச்சைக்குப் பின் நோயாளியின் வயிற்றில் பையைக் கண்டால் எவ்வளவு கலங்குவர்! ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், அந்த இறுதி அசை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

முன்னொட்டில் மறையும் புதிர் இன்னும் கூர்மையானது. ‘ஹைப்பர்’ மிகுதி, ‘ஹைப்போ’ குறைவு. ‘கிளைசீமியா’ இரத்தச் சர்க்கரை. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போகிளைசீமியா; வியர்வை, நடுக்கம், குழப்பம் தோன்றும். நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சுமார் 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து, கால் மணி நேரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பா என்று தயங்கிக் காலங்கடத்துவது உயிருக்கே கேடாக முடியும்.

ஒரே உறுப்புக்கு இரு வேர்கள் வருவதும் உண்டு. சிறுநீரகம் இலத்தீனில் ‘ரென்’, கிரேக்கத்தில் ‘நெஃப்ரோஸ்’. அதனால்தான் அறையின் பலகையில் நெஃப்ராலஜி என்றும், ஆய்வறிக்கையில் ரீனல் என்றும் காண்கிறீர்கள், இரண்டும் ஒன்றே. அவ்வறிக்கையில் ‘யூரியா’ என்றிருப்பதைக் கண்டு, கேழ்வரகு வயலுக்கு இட்ட உரம் உடலில் சேர்ந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம். சேர்மம் அதுவே என்றாலும், உணவிலுள்ள புரதத்திலிருந்து நம் உடலே அதை உண்டாக்குகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் வேர்.

ஈற்றை அறிந்தோர் மிகையாக அஞ்சுவதும் நடக்கிறது. ‘ஓமா’ என்றால் கட்டி என்று எங்கோ படித்தவர், ‘கிளாக்கோமா’ என்ற சொல்லைக் கண்டு புற்றுநோய் என்றே முடிவுசெய்துவிடுவார். அது பெரும்பாலும் கண்ணின் அழுத்தம் கூடுவதால் பார்வை நரம்பு கெடும் நோய். ‘ஹீமட்டோமா’ என்பதும் இரத்தம் ஓரிடத்தில் தேங்கிய வீக்கமே. புதிரில் தவறாகக் கணித்தால் ஒரு கட்டம் வீணாகும். இங்கே ஓர் இரவு உறக்கம் வீணாகிறது.

இனி மருந்துச் சீட்டு. அதிலுள்ள எழுத்துகள் அப்பட்டமான இலத்தீன். ‘பி.டி.’ நாளைக்கு இருமுறை, ‘டி.டி.எஸ்.’ மும்முறை, ‘எச்.எஸ்.’ உறங்கும் வேளை, ‘ஏ.சி.’ உணவுக்கு முன், ‘பி.சி.’ உணவுக்குப் பின். ‘எஸ்.ஓ.எஸ்.’ என்பதைக் கண்டு அவசரநிலை என்று அஞ்சுவோரும், நாள்தோறும் விழுங்குவோரும் உளர். ‘தேவைப்பட்டால் மட்டும்’ என்பதே அதன் பொருள். வலி மாத்திரைக்கு அருகில் அது இருந்தால், வலி இல்லாத நாளில் அம்மாத்திரை வேண்டாம். ‘ஓ.டி.’ என்பது நாளைக்கு ஒருமுறை; கண் மருத்துவரின் சீட்டிலோ அதுவே வலக்கண்ணைக் குறிக்கும். எனவே சொட்டு மருந்து வாங்கும்போது, எந்தக் கண்ணுக்கு, எத்தனை வேளை என்ற இரண்டையும் மருந்தாளுநரிடம் கேட்டு, பெட்டியின் மேல் தமிழிலேயே எழுதி வாங்கிச் செல்லுங்கள்.